டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: சாலைக்கும் பேருந்துக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, சட்டத்தில் நம் பேச்சு எங்கே ஏறும்

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வேலைக்காக டர்பனுக்கு வருகிறவர்கள் சீக்கிரமே கேட்டுவிடும் கேள்வி இது: "இங்கே கவர்மெண்ட் பஸ் எது?" நம் ஊரில் கணக்கு நேராக இருக்கும். டிக்கெட் விலை ஏறினால் மாநில அரசைத் திட்டுவோம், புது வழித்தடம் வேண்டுமென்றால் எம்.எல்.ஏ.வைப் பார்ப்போம். தென்னாப்பிரிக்காவில் அது செல்லாது. ஒரே சாலையில் மாநகராட்சிப் பேருந்து வரும், மாகாண மானியத்தில் ஓடும் தனியார் பேருந்து வரும், ஓட்டத்துக்கென்று எந்த மானியமும் இல்லாத மினிபஸ் டாக்சியும் வரும். பக்கத்தில் ஓடும் ரயிலோ மத்திய அரசு நிறுவனத்துடையது.

இந்தக் குழப்பத்தில் பலர் தவறான அலுவலகத்துக்கு எழுதி, பதில் வராமல், "இந்த ஊரில் எதுவும் நடக்காது" என்று விட்டுவிடுகிறார்கள். அது வருத்தமான விஷயம், ஏனென்றால் சட்டம் செய்யும்போது மக்களைக் கேட்டே ஆக வேண்டும் என்று அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு இது. மாகாண அரசிடம் சட்டம் போடும் அதிகாரம் நிறைய இருக்கிறது, சொந்தப் பணம் மிகக் குறைவாக இருக்கிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால், எந்த மாதத்தில் யாரிடம் போக வேண்டும் என்பது தெளிவாகிவிடும். நான் குவாசுலு-நட்டால் மாகாணத்தை வைத்தே எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா பக்கம் இருப்பவர்களுக்கும் வழி பெரும்பாலும் இதேதான்.

முதலில், எது யாருடையது என்று பாருங்கள்

1996 அரசியல் சாசனத்தின் பின்பகுதியில் நான்காவது, ஐந்தாவது அட்டவணைகள் இருக்கின்றன. பொதுப் போக்குவரத்து, வாகன உரிமம், சாலைப் போக்குவரத்து ஒழுங்கு ஆகியவை நான்காவதில் வருகின்றன. இவற்றில் நாடாளுமன்றமும் மாகாண சட்டமன்றமும் இரண்டுமே சட்டம் செய்யலாம். மாகாணச் சாலைகள் ஐந்தாவதில் வருகின்றன, அவை மாகாணத்துக்கே உரியவை. நகருக்குள் ஓடும் பேருந்து, உள்ளூர்த் தெரு, வாகன நிறுத்தம் எல்லாம் மாநகராட்சியின் பொறுப்பு. டர்பனில் அது எதெக்வினி மாநகராட்சி.

சாலையின் பெயரில் இருக்கும் எழுத்து ஒரு நல்ல துப்பு. என்2, என்3 போல 'என்' என்று தொடங்கினால் தேசியச் சாலை. அதைப் பார்த்துக்கொள்வது சன்ரால் என்ற தேசிய நிறுவனம். டொங்காட்டிலும் மரியன்ஹில்லிலும் இருக்கும் சுங்கச்சாவடிகள் அந்த வகைச் சாலைகளில்தான் இருக்கின்றன. கிராமப்பக்கம் போனால் 'பி', 'டி', 'எல்' என்று எண்ணிட்ட பலகைகளைப் பார்ப்பீர்கள். அவை மாகாணத்துடையவை. 'ஆர்' சாலைகளில் பெரும்பாலானவையும் அப்படித்தான், ஆனால் சில சன்ராலிடம் போயிருக்கின்றன. 'எம்' என்பது மாநகர வழி. எழுத்தை மட்டும் நம்பிப் புகார் அனுப்பிவிடாமல், மாகாணப் போக்குவரத்துத் துறைக்கு ஒரு முறை போன் செய்து உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

சாட்ஸ்வொர்த் வழியாக கிராஸ்மூர் வரை போகும் ரயில் பாதையைப் பற்றி மாகாண அமைச்சரிடம் முறையிட்டுப் பயன் குறைவு. அது பிராசா என்ற மத்திய அரசு நிறுவனத்தின் கையில் இருக்கிறது. பங்குனி மாதத்துத் தேர்த் திருவிழாவுக்கோ காவடிக்கோ தெருவை மூட வேண்டுமென்றால் மாநகராட்சியிடம் போக வேண்டும். கோயில் கமிட்டிகளுக்கு இது நன்றாகவே தெரியும், அவர்களிடம் கேட்டால் எந்த மேசை என்பதுவரை சொல்லிவிடுவார்கள்.

2009-ல் வந்த தேசிய நிலப் போக்குவரத்துச் சட்டத்தின் 11-வது பிரிவை ஒரு முறை படித்துவிடுங்கள். மத்திய, மாகாண, உள்ளூர் என்ற மூன்று அடுக்கும் என்னென்ன செய்ய வேண்டும் என்று அதில் வரிசையாக இருக்கிறது. மாநகராட்சி போக்குவரத்துத் திட்டம் தயாரிக்க வேண்டும். டாக்சி, பேருந்து ஓட்ட உரிமம் கொடுப்பது மாகாண ஒழுங்குமுறை அமைப்பு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் வண்டிகள் ஒரு தெருவில் குவிந்து இன்னொரு தெருவில் காணாமல் போகின்றன.

பணம் வரும் வழி

நீளமாக எழுத வேண்டிய இடம் இதுதான். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

அரசியல் சாசனத்தின் 228-வது பிரிவு மாகாணத்தின் கையைக் கட்டிவிடுகிறது. வருமான வரி, மதிப்புக் கூட்டு வரி, பொது விற்பனை வரி, சொத்து வரி, சுங்க வரி எதையும் மாகாணம் போட முடியாது. மிச்சம் என்ன? வாகன உரிமக் கட்டணம், சூதாட்டம், குதிரைப் பந்தயம், மது உரிமம் போன்ற சில்லறைகள். குவாசுலு-நட்டாலின் சொந்த வருமானத்தில் பெரிய பங்கு வாகன உரிமக் கட்டணம்தான். வருடாவருடம் கட்டி, வண்டிக் கண்ணாடியில் ஒட்டுகிறீர்களே அந்த டிஸ்க், அந்தப் பணம் மாகாணத்துக்குப் போகிறது. ஆனால் அது சாலைக்கென்று தனியாக ஒதுக்கப்படுவதில்லை. மாகாண வருவாய் நிதியில் கலந்துவிடுகிறது.

பெரும்பணம் மத்திய அரசிடமிருந்து இரண்டு விதமாக வருகிறது.

முதலாவது, நியாயப் பங்கு. ஒன்பது மாகாணங்களுக்கும் எவ்வளவு என்பதை ஒரு சூத்திரத்தால் கணக்கிடுகிறார்கள். கல்விக்கு 48 சதவீதம், மருத்துவத்துக்கு 27, மக்கள்தொகையை வைத்து 16, நிர்வாகத்துக்கு 5, வறுமைக்கு 3, பொருளாதார நடவடிக்கைக்கு 1. கூட்டிப் பாருங்கள், நூறு வந்துவிடும். அதில் போக்குவரத்து என்ற சொல்லே இல்லை! இந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்பது மாகாணத்தின் விருப்பம்தான். ஆனாலும் ஆசிரியர் சம்பளமும் மருத்துவமனைச் செலவும் போன பிறகு சாலைக்கு எவ்வளவு என்று சட்டமன்றத்தில் ஒவ்வொரு வருடமும் போராட வேண்டியிருக்கிறது. மாகாண பட்ஜெட் விவாதத்தை நாம் ஏன் கவனிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை.

இரண்டாவது, நிபந்தனை மானியங்கள். மாகாணச் சாலைப் பராமரிப்பு மானியம் ஒன்று. பேருந்து ஒப்பந்தங்களுக்காக மாகாணத்துக்கு வரும் பொதுப் போக்குவரத்து இயக்க மானியம் இன்னொன்று, இது 2009 முதல் இந்த வடிவில் இருக்கிறது. நகரங்களுக்கு நேராகப் போகும் பொதுப் போக்குவரத்து வலையமைப்பு மானியம் மூன்றாவது. டர்பனில் 'கோ டர்பன்' என்ற பெயரில் வெகுகாலமாகத் தாமதமாகிவரும் தனிப்பாதைப் பேருந்துத் திட்டம் இந்த மூன்றாவதை நம்பியிருக்கிறது. ஆண்டுதோறும் நாடாளுமன்றம் நிறைவேற்றும் வருவாய்ப் பகிர்வுச் சட்டத்தின் அட்டவணைகளில் எந்த மாகாணத்துக்கு, எந்த நகரத்துக்கு எவ்வளவு என்று இருக்கும். ஒவ்வொரு மானியத்துக்கும் நிபந்தனைகளையும் கூடவே வெளியிடுகிறார்கள். அந்த நிபந்தனைப் பக்கத்தைத் தேடிப் படியுங்கள். எதற்குச் செலவு செய்யலாம், எதற்குக் கூடாது, அறிக்கை எப்போது கொடுக்க வேண்டும் எல்லாம் அதில் இருக்கிறது. மானியத்தின் பெயரையும் நிபந்தனையையும் குறிப்பிட்டு எழுதிய கடிதத்தை அதிகாரி சுலபமாக ஒதுக்கிவிட முடியாது.

சரி, பெட்ரோலுக்கு நாம் கட்டும் வரி? அதில் இரண்டு தனித்தனித் தீர்வைகள் உண்டு. பொது எரிபொருள் தீர்வை தேசிய வருவாய் நிதிக்குப் போகிறது. அது சாலைக்கென்று கட்டிவைத்த பணம் அல்ல. அதில் ஒரு பங்கு 2009 முதல் பெருநகரங்களுக்குக் கிடைக்கிறது, எட்டுப் பெருநகரங்களில் எதெக்வினியும் ஒன்று. மாகாணத்துக்கு அதிலிருந்து நேரடிப் பங்கு இல்லை. மற்றொன்று சாலை விபத்து நிதிக்கான தீர்வை. 2021-ல் அது லிட்டருக்கு 2.18 ரேண்ட் ஆனது. அது விபத்தில் காயம்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க மட்டும். "பெட்ரோல் வரி இவ்வளவு கட்டுகிறோம், தெருவில் பள்ளம் கிடக்கிறதே" என்று மாகாண அரசைக் கேட்பதில் கோபம் நியாயம்தான், முகவரி தவறு.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு வரலாறு

1950-ன் குழுப் பகுதிச் சட்டம் மக்களை நிறவாரியாகப் பிரித்து நகரின் ஓரத்துக்குத் தள்ளியது. சாட்ஸ்வொர்த்தும் ஃபீனிக்ஸும் அப்படி உருவானவை. வேலை நகரத்தில், வீடு தூரத்தில். பயணச் செலவைத் தாங்க முடியாத மக்கள் 1957-ல் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ராவில் பேருந்தைப் புறக்கணித்து மைல்கணக்கில் நடந்தார்கள். அதே வருடம், முதலாளிகளிடம் தீர்வை வாங்கிக் கறுப்பினத் தொழிலாளர் பேருந்துக்கு மானியம் கொடுக்கும் சட்டம் வந்தது. 1972-ல் இந்தியருக்கும் கலப்பினத்தவருக்கும் அதே போன்ற ஒன்று. இன்றைய பேருந்து மானியத்தின் வேர் அங்கே இருக்கிறது. பல ஒப்பந்தங்கள் 1990-களின் பழைய வடிவிலேயே நீட்டிக்கப்பட்டு ஓடுவதால், வழித்தடங்களும் பழைய வரைபடத்தையே பின்பற்றுகின்றன.

டாக்சியின் கதை வேறு. 1988-ல் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுத் தளர்ப்புச் சட்டம் கதவைத் திறந்துவிட்டது. மினிபஸ்கள் பெருகின. இன்று பொதுப் போக்குவரத்தில் போகிறவர்களில் பெரும்பான்மையினர் அவற்றில்தான் போகிறார்கள், ஆனால் ஓட்டத்துக்கு மானியம் இல்லை. அரசு கொடுத்தது பழைய வண்டியை உடைத்துப் போடுவதற்கான தொகை. 2006-ல் தொடங்கியபோது வண்டிக்கு 50,000 ரேண்ட். அதிகம் பேரைச் சுமப்பவர்களுக்கு ஓட்ட மானியம் கிடையாது என்பது அநியாயம் என்றே நான் நினைக்கிறேன். இதைத் திருத்த 2009 நிலப் போக்குவரத்துச் சட்டத்திலேயே ஒரு வழி இருக்கிறது. ஏற்கெனவே ஓட்டும் பேருந்து, டாக்சி நடத்துநர்களோடு பேசி, 12 ஆண்டுக்கு மிகாத ஒப்பந்தம் போடலாம் என்கிறது 41-வது பிரிவு.

மசோதா போகும் பாதை

குவாசுலு-நட்டால் சட்டமன்றம் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் இருக்கிறது. 80 உறுப்பினர்கள். 2024 தேர்தலுக்குப் பிறகு அமைந்த கூட்டணிக்கு 41 இடம், எதிர்ப்பக்கம் 39. இவ்வளவு நெருக்கமான சபையில் ஒவ்வொரு உறுப்பினரும் மக்கள் என்ன சொல்கிறார்கள் என்று காது கொடுக்க வேண்டியிருக்கும்.

போக்குவரத்துக்குப் பொறுப்பான மாகாண அமைச்சரை இங்கே எம்.இ.சி. என்பார்கள். அவர் துறை மசோதாவைத் தயாரிக்கும். பெரும்பாலும் அரசிதழில் கருத்துக்காக வெளியிடுவார்கள். பிறகு சபைக்கு வந்து போக்குவரத்துக் குழுவிடம் போகும். குழு ஊர் ஊராகப் பொது விசாரணை வைத்து, திருத்தி, அறிக்கை கொடுக்கும். சபை வாக்களித்த பின் பிரீமியர், அதாவது மாகாண முதல்வர், கையெழுத்திட வேண்டும். சாசனத்துக்கு முரணாக இருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம் வந்தால் சபைக்கே திருப்பி அனுப்பலாம். நம் வார்த்தை ஏறக்கூடிய இடம் குழு. குழுவிடமிருந்து சபைக்குத் திரும்பிய பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றுவதும் கடினம்.

தேசிய மசோதாவிலும் மாகாணத்துக்கு வாக்கு உண்டு என்பதைப் புதிதாக வந்தவர்கள் கவனிப்பதில்லை. மாகாணங்களைப் பாதிக்கும் மசோதா, மாகாணங்களின் தேசிய மன்றத்துக்குப் போகும். அங்கே ஒரு மாகாணத்துக்கு ஒரு வாக்கு. ஒன்பதில் ஐந்து வேண்டும். எப்படி வாக்களிப்பது என்று மாகாண சட்டமன்றம் முடிவு செய்யும், அதற்காக உள்ளூரில் விசாரணை வைக்கும். நிலப் போக்குவரத்துச் சட்டத் திருத்தம் இப்படித்தான் போனது. 2016-ல் வந்த மசோதா, 2024-ல்தான் குடியரசுத் தலைவரின் கையெழுத்தைப் பெற்றது. ஆப் மூலம் கூப்பிடும் டாக்சிகளை உரிம முறைக்குள் கொண்டுவந்தது அந்தச் சட்டம்.

விசாரணை வைக்காவிட்டால் என்ன ஆகும்? 2006-ல் மட்டாட்டியேலே வழக்கில் அரசியல் சாசன நீதிமன்றம் பதில் சொன்னது. மட்டாட்டியேலே நகரை குவாசுலு-நட்டாலிலிருந்து கிழக்குக் கேப்புக்கு மாற்றும் சாசனத் திருத்தத்துக்கு நம் மாகாண சட்டமன்றம் பொது விசாரணை நடத்தவில்லை. அந்தக் குறைக்காக, அந்தப் பகுதியைப் பொறுத்தவரை திருத்தம் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. மக்களைக் கேட்பது வெறும் சடங்கு இல்லை என்பதற்கு இதுவே சான்று.

கௌடெங் கற்றுத்தந்தது

ஜோகன்னஸ்பர்க்கும் பிரிட்டோரியாவும் இருக்கும் கௌடெங் மாகாணத்தில் இரண்டு திட்டங்களைப் பார்க்கலாம்.

கௌட்ரெயின் ரயிலுக்காக அந்த மாகாணம் 2006-ல் சட்டம் போட்டு ஒரு தனி மேலாண்மை முகமையை உருவாக்கியது. 2010 ஜூன் 8-ல், உலகக் கோப்பைக்கு சில நாள் முன்பு, ரயில் ஓடியது. சொந்தப் பணம் குறைந்த மாகாணமும் சட்டத்தின் மூலம் பெரிய வேலையைச் செய்ய முடியும் என்று காட்டியது அது. அதற்கு விலையும் உண்டு. பயணிகள் வருமானம் ஒப்பந்தத்தில் சொன்ன அளவை எட்டாவிட்டால் மாகாணம் ஈடுகட்ட வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அந்தச் சுமை மாகாண பட்ஜெட்டில் விழுந்தது. எந்த மசோதாவிலும் 'உத்தரவாதம்' என்ற சொல்லைக் கண்டால் அங்கே நின்று மெதுவாகப் படியுங்கள்.

மற்றது மின்னணுச் சுங்கம். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியுள்ள நெடுஞ்சாலைகளை சன்ரால் கடன் வாங்கி அகலப்படுத்தியது. கடனை அடைக்க 2013 டிசம்பரில் சுங்கம் தொடங்கியது. பெரும்பாலோர் கட்ட மறுத்துவிட்டார்கள். 2024 ஏப்ரலில் அதை நிறுத்தினார்கள். கடனில் 70 சதவீதம் மத்திய அரசுக்கு, 30 சதவீதம் கௌடெங்குக்கு. மாகாணம் தன் மற்ற செலவுகளிலிருந்துதான் அதைக் கொடுக்க வேண்டும்.

இதில் நமக்கு முக்கியமானது காலம். 2007-ல் சுங்கம் வரப்போகிறது என்று அறிவித்துக் கருத்துக் கேட்டபோது எழுதியவர்கள் மிகக் குறைவு. சாலைக்கு மேலே சுங்கக் கருவிகளைத் தாங்கும் வளைவுகள் எழும்பிய பிறகுதான் கோபம் வந்தது. எதிர்ப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2013-ல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், முடிவெடுத்து ஆண்டுகள் கழித்து வந்தது தாமதம் என்று சொல்லித் தள்ளுபடி செய்தது. கருத்துக் கேட்ட மாதத்தில் பேசாதவர்கள் பிறகு பத்து வருடம் தெருவில் பேச வேண்டியதாயிற்று.

உங்கள் நாட்காட்டியில் குறிக்க வேண்டியவை

அக்டோபர்–நவம்பரில் மத்திய அரசின் இடைக்கால பட்ஜெட் கொள்கை அறிக்கை வரும். வழக்கமாக பிப்ரவரியில் தேசிய பட்ஜெட், அதோடு வருவாய்ப் பகிர்வு மசோதா. அதற்கு இரண்டு வாரத்துக்குள் மாகாண பட்ஜெட்டை சபையில் வைக்க வேண்டும். ஆகவே மாகாண பட்ஜெட்டில் ஏதாவது மாற வேண்டுமென்றால் அதற்கு முந்தைய ஆண்டின் இறுதிக்குள் எழுதிவிட வேண்டும். மாகாணத்தின் நிதியாண்டு ஏப்ரல் 1-ல் தொடங்குகிறது, மாநகராட்சிக்கு ஜூலை 1-ல். மாநகராட்சியின் வரைவு பட்ஜெட் மார்ச் இறுதிக்குள் வரும். ஏப்ரல், மே மாதங்களில் மக்கள் கருத்துச் சொல்லலாம்.

எழுதுவது எப்படி

வாக்குரிமை இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். கூட்டம் கூடவும் மனுக் கொடுக்கவும் "எல்லோருக்கும்" உரிமை உண்டு என்கிறது சாசனத்தின் 17-வது பிரிவு. குடிமக்களுக்கு மட்டும் என்று சொல்லவில்லை. வேலை விசாவில் இருந்தாலும் எழுதலாம். குவாசுலு-நட்டாலில் மனுக்களுக்கென்றே 2003-ல் ஒரு சட்டம் செய்திருக்கிறார்கள்.

மசோதாவின் எந்தப் பிரிவு என்று எண்ணைச் சொல்லுங்கள். அது உங்கள் தெருவில் என்ன செய்யும் என்று இரண்டு பத்தியில் எழுதுங்கள். பிறகு அந்த வாக்கியம் எப்படி இருக்க வேண்டும் என்று நீங்களே மாற்று வாசகம் கொடுங்கள். "பேருந்து வசதி மேம்பட வேண்டும்" என்று எழுதினால் குழு தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடும். "ஒப்பந்தத்தில் மாலை ஏழு மணிக்குப் பிந்தைய சேவையையும் கட்டாயமாக்க வேண்டும்" என்று எழுதினால் யாராவது அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும். இரவுப் பணி முடிந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் செவிலியர் எத்தனை பேர் நம் மக்களில் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். கடைசியில், நேரில் பேச விரும்புகிறேன் என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள்.

மொழியைப் பொறுத்தவரை ஆங்கிலத்திலோ சுலுவிலோ எழுதுவதுதான் நடைமுறைக்கு உதவும். மதித்துப் பேண வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழ் பெயரோடு சாசனத்தில் இருக்கிறது, அதில் எனக்குப் பெருமை உண்டு. ஆனாலும் குழுவின் மேசையில் வேகமாகப் படிக்கப்படுவது மற்ற இரண்டுதான்.

தனியாகப் போகாமல், அந்தப் பகுதியில் தலைமுறைகளாக இருப்பவர்களோடு சேர்ந்து போங்கள். 1860-ல் தொடங்கி கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த இந்தியர்களின் சந்ததியினருக்கு வார்டு கவுன்சிலரையும் வரி செலுத்துவோர் சங்கத்தையும் நன்றாகத் தெரியும். பேருந்தை நம்பியிருக்கும் சுலு பக்கத்து வீட்டாரின் கையெழுத்தும் அதே தாளில் இருந்தால் மனுவின் எடை பல மடங்கு கூடும். அவர்களுக்கும் அதே நிறுத்தம், அதே காத்திருப்பு.

தகவல் வேண்டுமா? 2000-ல் வந்த தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்படி பேருந்து ஒப்பந்தத்தின் நகலைக் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். வழித்தடம், நேரம், தண்டத் தொகை எல்லாம் ஒப்பந்தத்தில்தான் இருக்கும்.

கையெழுத்தான பிறகும் கவனியுங்கள்

சட்டம் கையெழுத்தானதும் வேலை முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள். எந்த நாளில் அமலுக்கு வருகிறது என்பதைத் தனியாக அரசிதழில் அறிவிப்பார்கள். ஆப் டாக்சிகளைச் சேர்த்த அந்தத் திருத்தம் 2024-ல் கையெழுத்தானது, 2025 செப்டம்பரில்தான் விதிகளோடு அமலானது. அபராதப் புள்ளிகளைக் கொண்டுவரும் ஆர்ட்டோ சட்டம் 1998-ல் நிறைவேறியது. மாகாண, உள்ளூர் அதிகாரத்தில் தலையிடுகிறது என்று 2022-ல் உயர் நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. 2023-ல் அரசியல் சாசன நீதிமன்றம் செல்லும் என்றது.

வரைவு விதிகள் வெளியாகும்போதும் கருத்துச் சொல்ல அவகாசம் கொடுப்பார்கள். உரிமக் கட்டணம் எவ்வளவு, விண்ணப்பத்தை எத்தனை நாளில் முடிக்க வேண்டும், வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதெல்லாம் விதிகளில்தான் வரும். குழுவுக்கு அனுப்பிய கடிதத்தைப் பத்திரமாக வைத்திருங்கள். பிரிவு எண்ணுக்குப் பதில் விதி எண்ணைப் போட்டு, கடைசித் தேதிக்கு முன்னால் மறுபடி அனுப்புங்கள்.